அண்ணாவின் கங்கைச் செம்பு

அந்த வீட்டில் சாவைப் பற்றிப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு, பத்மஜாவைத் தவிர. மன்னி விஜயலக்ஷ்மி சாலை மார்க்கெட்டிலிருந்து வந்து பையைக் கீழே போடும்போதே "இந்த வெயில்லே செத்தேன்" என்பாள். பால் பொங்கி வழிந்தால் "என் பிராணனை வாங்கறதுக்குன்னே வந்திருக்கு இந்த அடுப்பு" என்பாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கௌசிக் போனில் "மானேஜர் சாவடிக்கறாம்மா" என்று அலுத்துக்கொள்வான். யாரும் பதறமாட்டார்கள். பத்மஜா மட்டும் போன பங்குனியில், கிழக்கேகோட்டை நெரிசலில் நடந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது "அப்பாடா, செத்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சும்மா பயப்படுகிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் முறிந்து ஸ்ரீவராகத்துக்கு அண்ணா வீட்டோடு வந்த புதிதில், பத்மஜா சாகப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டாள். எப்படி, என்ன என்பதெல்லாம் தெரு முழுக்க அலசிக் காயப்போட்ட சமாசாரம், இங்கே வேண்டாம். அதற்கு முந்தின மாசம் தன் பட்டுப்புடவைகளையும் புஸ்தகங்களையும் தெரிந்தவர்களுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர்கள் "நல்ல மனசு" என்றார்கள். ஒருத்தராவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளை ஆசாரி வந்து கழற்றிவிட்டான். மாத்திரை டப்பா மன்னியின் அலமாரிக்குப் போயிற்று. அப்புறம் அவள் மெல்ல மெல்ல எழுந்தாள். பழவங்காடியில் தாணுமாலயன் பாத்திரக்கடையில் கணக்கெழுதப் போக ஆரம்பித்தாள். இந்த வருஷம், அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஸ்ரீலட்சுமி "இனி தாழ்ப்பாள் போடலாம், மாத்திரையையும் அவங்களே வெச்சுக்கலாம்" என்று மன்னியிடம் சொன்னபோது பத்மஜாவுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! நாற்பத்திமூன்று வயசுப் பெண், ஆசாரி புதுத் தாழ்ப்பாள் வைத்துவிட்டுப் போன பிறகு அந்த மத்தியானம் முழுக்க அதைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

அண்ணா ராமசுப்ரமணியன் வேறு ரகம். ஏஜீஸ் ஆபீசிலிருந்து ரிட்டயராகி வந்தவர், சாவைத் தன் சொந்த டிபார்ட்மெண்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். காலையில் காபியும் கையுமாகப் பத்திரிகையில் முதலில் பிரிப்பது சரமப் பக்கத்தைத்தான். கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும் செத்தவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுவார்.

"எண்பத்தியொண்ணு. போட்டும், வாழ்ந்தாச்சு. இந்தா, அம்பத்திரெண்டு. அடடா, ஹார்ட்டாத்தான் இருக்கும். இவர் போட்டோவைப் பாரு விஜயம், கோர்ட்டுக்குப் போறாப்லே நிக்கறார். எனக்கு இந்த மாதிரி போட்டோ போட்டா ஆவியா வந்து சண்டை போடுவேனாக்கும், ஓர்மை வெச்சுக்கோ."

நாலு தெருவில் எங்கே சாவு என்றாலும் அண்ணாதான் முதலில் நிற்பார். வாத்தியாருக்குச் சொல்வது, சாந்திகவாடம் சுடுகாட்டில் நேரம் கேட்டு வைப்பது, அழுகிறவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அவருக்கு உயிராக இருந்தது பூஜை அலமாரியில் இருந்த கங்கைச் செம்புதான். அப்பா காசியிலிருந்து கொண்டுவந்தது, உள்ளங்கையில் அடங்கும், வாய் ஈயம் வைத்து அடைத்தது. சாகப்போகும் நேரத்தில்தான் அதை உடைத்து வாயில் ரெண்டு சொட்டு விடவேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அதைப் புளி போட்டுத் தேய்ப்பது அவரே. வேறு யாரும் தொடக்கூடாது.

"இது என்னோடதாக்கும். கௌசிக் ப்ளைட் பிடிச்சு வந்து ரெண்டு சொட்டு விட்டாத்தான் நான் புறப்படுவேன். அதுவரைக்கும் எமன் வாசல்லே வெயிட் பண்ணட்டும். காபி வேணும்னா குடுங்கோ."

வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஒருத்தர் நாள் முழுக்கச் சாவைப் பற்றிப் பேசினால் வேதாந்தம், இன்னொருத்தி ஒரு வார்த்தை சொன்னால் வியாதி. பத்மஜாவுக்கு இதில் கோபம் உண்டு. ஆனாலும் அண்ணா பேச்சைக் கேட்டு அவளும்தான் சிரித்தாள்.

சித்திரையில் அண்ணா சரமப் பக்கத்தைப் பிரிப்பதை நிறுத்திவிட்டார். பத்திரிகை மடித்தது மடித்தபடி கிடக்கும். காபி ஆறி ஆடை படிந்திருக்கும். மன்னிக்கு அதனால் நிம்மதிதான். "இப்பத்தான் வீடு வீடாட்டம் இருக்கு. காலங்காத்தாலே பொணத்துக்கெல்லாம் மார்க் போடற சத்தம் இல்லை" என்றாள். அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் நடந்தது. முப்பது வருஷமாகச் சாம்பாரில் உப்புக்கும் புளிக்கும் நடுவில் எங்கேயாவது குற்றம் கண்டுபிடிக்காமல் எழுந்திராத மனுஷர், போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனார். ஒருநாள் ரசத்தில் உப்பே போட மறந்துபோனது. அதையும் ஊற்றிச் சாப்பிட்டார். மன்னி தலையிலடித்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லலையே நீங்க?" என்று கேட்டாள். "நன்னாத்தான் இருந்தது" என்றார்.

பத்மஜாவுக்கு அந்த ரசம் தொண்டையில் இறங்கவில்லை. ருசி போன நாக்கு எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார். பஜனையில் தட்டித் தட்டி விரல் தடம் பதிந்துபோன வெண்கல ஜால்ராவைப் பஜனை மடத்துக்குக் கொடுத்தார். வாட்சைக் கழற்றி, புதிதாக வேலை கிடைத்த எதிர்வீட்டுச் சுமந்தின் கையில் கட்டினார். தெரு மெய்சிலிர்த்துவிட்டது. "ராமசுப்ரமணியனுக்கு வைராக்யம் வந்துடுத்து, என்ன பக்குவம் பாருங்கோ!" என்று கோயில் பிரகாரத்தில் பேசிக்கொண்டார்கள். மன்னி வெளியில் அலுத்துக்கொண்டாலும் உள்ளூரப் பெருமைதான். அடுத்த தெரு நீலாம்பாள் மாமியின் அகத்துக்காரர் இழுத்துக்கொண்டு கிடந்து, அவர்கள் வீட்டில் கங்கை இல்லை என்று தெரிந்ததும், அண்ணா தன் செம்பையே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குத் தெருவில் பாதிப் பேர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பத்மஜாவும் முதலில் அதை நல்லதாகத்தான் நினைத்தாள். சாகிறவருக்குத் தன் பங்கைக் கொடுத்தால் யார்தான் தப்பாக நினைப்பார்கள்? மறுநாள் கடையில் தாணுமாலயன் வாயைத் திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தாணுமாலயன் நாஞ்சில் நாட்டுக்காரர். கடையில் பித்தளை விளக்கு, உருளி, கிண்டியோடு கங்கைச் செம்பும் விற்பார். கல்லாவுக்குப் பின்னால் அவை சின்னதும் பெரிசுமாக வரிசையாக இருக்கும்.

"உங்க அண்ணனைப் போல ஒரு ஆளைப் பாக்க முடியாது கேட்டியளா" என்று ஆரம்பித்தார். "நேத்து இந்த வழியா வந்தாரு. சாமி, செம்பைக் குடுத்திட்டியளாமே, நான் ஒண்ணு சும்மா தாறேன், கொண்டு போங்கன்னேன். 'வேண்டாம் ஓய், எனக்கு இனி அது ஆவசியம் வராது'ன்னுட்டாரு. சிரிச்சிட்டே சொல்லுதாரு! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என்ன ஞானம்!"

பத்மஜாவின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. படுக்கையில் கிடந்து, பக்கத்தில் நாலு பேர் நிற்க, மகன் வந்து வாயில் விட்டுச் சாகப்போகிறவனுக்குத்தான் கங்கை வேண்டும். யாரும் பக்கத்தில் இல்லாமல் சாவது என்று தீர்மானித்தவனுக்கு அது எதற்கு? அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மன்னி முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். பத்மஜா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ரசத்தைச் சொன்னாள், ஜால்ராவைச் சொன்னாள், தாணுமாலயன் சொன்னதையும் சொன்னாள். "மன்னி, நானும் இப்படித்தான் எல்லாத்தையும் குடுத்தேன், ஓர்மை இருக்கா?" என்றாள். மன்னியின் முகம் மாறியது. ஆனால் அந்தப் பயம் அண்ணாவுக்காக வந்தது இல்லை.

"பத்மா, ராத்திரி மாத்திரை போட்டயா?"

"நான் என்னைப் பத்திச் சொல்லலை மன்னி."

"அதுக்கில்லை. உனக்கு மனசு அந்தப் பக்கமாவே போறதோன்னு பாக்கறேன். அவர் கல்லாட்டமா இருக்கார். பி.பி. இல்லை, ஷுகர் இல்லை. வாயைக் கழுவிண்டு வா, சாமி ரூம்லே விளக்கேத்து."

பத்மஜா கௌசிக்கைப் போனில் கூப்பிட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தை, நெக்ஸ்ட் ரிவ்யூ எப்ப?" என்றான். நல்ல பிள்ளை. அம்மா வளர்த்த பிள்ளை.

அண்ணாவிடமே போனாள். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, நீ நன்னா இருக்கயோன்னோ?" என்று கேட்டாள். அவர் திரும்பிச் சிரித்தார். "எனக்கென்னடி குறைச்சல். திங்கக்கிழமை விதுராவுக்குப் போறேன். ஆபீஸ்லே கூட இருந்தானே அனீஷ், அவன் அப்பாவோட எஸ்டேட் வீடு மலை மேலே பூட்டிக் கிடக்கு. சாவி தந்தான். வெறுதே, சும்மா ரெண்டு நாள் தனியா இருந்துட்டு வரேன்" என்றார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதுசில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே சிரிப்பைத்தான் அவளும் எல்லோருக்கும் சிரித்துக் காட்டினாள்.

மன்னி சுற்றிய முறுக்கு அந்தப் பிரயாணத்துக்குத்தான்.

சனியும் ஞாயிறும் பத்மஜா நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினாள். அவள் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. பைத்தியம் பிடித்தவள் என்று பேர் வாங்கியவள் கூரை எரிகிறது என்றால்கூட முதலில் அவள் நாடியைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். டாக்டர் ஸ்ரீலட்சுமிக்குப் போன் செய்தாள். "இங்கே கூட்டிண்டு வாங்க, இன்னிக்கே ஆனாலும் சரி" என்றார் அவர். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அண்ணா தனக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டார். அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் வருவது ஒரே ஒருத்திக்காகத்தான். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் துணைக்கு வந்தவர் அவர். எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வருவார்.

அது தோன்றியதும் பத்மஜா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். அதில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். இன்னும் பளபளப்பு போகாத பித்தளை. மாத்திரை டப்பாவும் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். கடைக்கு அனுப்பமாட்டார்கள். இந்த எட்டு வருஷத்தில் எறும்பு சேர்ப்பது போலச் சேர்த்ததெல்லாம் ஒரே வார்த்தையில் போய்விடும். அவளுக்கு அழுகை வந்தது. அண்ணாவுக்காக அழுதாளா என்றால் இல்லை, அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் அழுதாள்.

திங்கட்கிழமை காலை. அண்ணா வேஷ்டி கட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, பஸ்ஸுக்குப் புறப்பட்டு நிற்கிறார். மன்னி முறுக்கு டப்பாவைப் பைக்குள் திணிக்கிறாள். பத்மஜா அடுக்களை வாசலில் வந்து நின்று, தெளிவாக, இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மன்னி, எனக்குச் செத்துப் போயிடணும் போல இருக்கு."

மன்னியின் கையிலிருந்து டப்பா நழுவி முறுக்கெல்லாம் தரையில் சிதறியது. "ஐயோ, நெனச்சேன், ரெண்டு நாளா நெனச்சேன்" என்று அவள் பதறினாள். அண்ணா அசையாமல் பத்மஜாவையே பார்த்தார். அவர் முகத்தில் வந்தது பயமா, எரிச்சலா, அவளுக்குப் புரியவில்லை. வாசலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். 'நீ கூட்டிண்டு போ விஜயம், எனக்கு பஸ் இருக்கு' என்று சொல்லிவிடுவாரோ என்று பத்மஜா பயந்தாள். சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்தது.

அண்ணா பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "ஆட்டோ கொண்டு வரேன்" என்றார்.

ஆட்டோவில் ஏறும்போது உள்ளே மன்னி போனில் பேசுவது கேட்டது. "ஆசாரியா? சாயந்தரம் ஒண்ணு வரணும். ஆமாம், அதே கதவுதான்."

ஓ.பி. வராந்தாவில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. சீட்டைக் கொடுத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணா மணி பார்க்கக் கையைத் திருப்பினார். வாட்ச் இருந்த இடம் வெளுத்திருந்தது.

"அண்ணா, நான் பொய் சொன்னேன்."

"என்ன பொய்?"

"காலம்பற சொன்னது. எனக்கு அப்படி ஒண்ணும் தோணலை. ரொம்ப நாளாத் தோணலை."

பழைய அண்ணாவாக இருந்தால் வராந்தா கிடுகிடுத்திருக்கும். இவர் தரையைப் பார்த்தபடி, "அப்ப அந்த பஸ்ஸை விட்டிருக்க வேண்டாமே" என்று மட்டும் சொன்னார்.

"அந்த பஸ்லே நீ ஏறக்கூடாதுன்னுதான் சொன்னேன்." பத்மஜா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவளை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள், சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல். அவளும் அப்படியே கேட்டாள். "அண்ணா, நீ சாகப் போறயா?"

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வராந்தாவில் அது சாதாரணப் பேச்சு.

"என்ன அபசகுனமா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"செம்பை ஏன் குடுத்தே?"

"பாவம்டி, நீலாம்பாள் மாமி ஆத்துலே..."

"சரி, அது புண்ணியம். தாணுமாலயன் வேறே தரேன்னாராமே. அது ஏன் வேண்டாம்னே? கௌசிக் வந்து ரெண்டு சொட்டு விடாம நீ போமாட்டேன்னு சொல்லிண்டிருந்தவனாச்சே?"

அண்ணா மேல்துண்டின் நுனியைத் திருக ஆரம்பித்தார். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அட்டெண்டர் யார் யார் பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் ருசிக்கலை பத்மா" என்றார் கடைசியில். "காபி, சாதம், பாட்டு, ஒண்ணுமே. விடியறதுக்கு முன்னாலே முழிப்பு வந்துடறது, எதுக்கு முழிச்சோம்னு இருக்கு. எல்லாரும் என்னைப் பக்குவம் பக்குவம்னு கும்பிடறா. நான் உள்ளே காலியாக்கும். யார்கிட்டே சொல்றது? தினம் சாவைப் பத்திப் பேசிப் பேசி, இப்ப நெஜமாச் சொன்னா யாராவது நம்புவாளா? சிரிப்பா." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கென்ன பைத்தியமா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். பத்மஜாவுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை.

"உடம்பு சரியில்லை, அண்ணா. எனக்கு ஆனாப்லேதான். எனக்குச் சரியாச்சு, பாரு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் கோயில் ஆராட்டுத் திருவிழாக் கூட்டத்தில் அவர்தான் இப்படி அவள் கையைப் பிடித்துக்கொள்வார்.

"பத்மஜா!" என்று அட்டெண்டர் கூப்பிட்டான்.

உள்ளே டாக்டர் ஸ்ரீலட்சுமி நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்குப் பக்கத்தில் நோயாளிக்கு ஒரு ஸ்டூல். சுவரோரமாகத் துணைக்கு வருகிறவருக்கு ஒரு நாற்காலி. எட்டு வருஷமாகப் பத்மஜா ஸ்டூலில் உட்காருவாள், அண்ணா நாற்காலியில் உட்கார்ந்து அவள் சார்பில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார். இன்றைக்கும் அவர் கால் நேரே அந்த நாற்காலிக்குத்தான் போனது.

அதற்குள் பத்மஜா அதில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணா அறை நடுவில் நின்றார். கதவைப் பார்த்தார். அவர் திரும்பி நடந்துவிட்டால் அவளால் பிடித்து நிறுத்த முடியாது. டாக்டர் ஸ்டூலைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்திவைத்தார். பிறகு ராமசுப்ரமணியன் மெல்ல உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்" என்றார் டாக்டர்.

நாலு தெருவுக்கும் சாவைப் பற்றிக் கதை சொன்ன மனுஷர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மறுபடியும் முயன்றார். கழுத்தைத் திருப்பித் தங்கையைப் பார்த்தார், சொன்னால் நம்புவார்களோ என்று வீட்டில் அவள் இத்தனை வருஷமாக எல்லோரையும் பார்த்த அதே மாதிரி.

"சொல்லு அண்ணா" என்றாள் பத்மஜா. "இங்கே சொல்லலாம்."